முடியாத ஆட்டத்துக்கு முழு விலை

2013 நவம்பரில், பிரிஸ்பேனில் ஆஷஸ் தொடர் தொடங்கிய அதே வாரம், ‘ஆஷஸ் கிரிக்கெட் 2013’ என்ற வீடியோ கேம் ஸ்டீம் தளத்தில் விற்பனைக்கு வந்தது. தொடரின் அதிகாரபூர்வ கேம் அது. அந்த ஆண்டு கோடையில் இங்கிலாந்தில் நடந்த ஆஷஸின்போதே வந்திருக்க வேண்டியது, தள்ளித் தள்ளி நவம்பருக்குப் போயிருந்தது. அப்போதும் வேலை முடியவில்லை. ஆட்டக்காரர்களின் அசைவு, ஃபீல்டிங், காட்சியமைப்பு என எதுவுமே காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் தரத்தில் இல்லை. வாங்கியவர்கள் பதிவேற்றிய காணொளிகளைப் பார்த்துக் கிரிக்கெட் உலகமே சிரித்தது. சில நாட்களிலேயே வெளியீட்டாளரான 505 கேம்ஸ் நிறுவனம் அதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டு, கன்சோல் பதிப்புகளையும் ரத்து செய்து, மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. தேர்ந்தெடுத்த கேம் எஞ்சின் கொடுத்த சிக்கல்களைத் தயாரிப்பாளர்களான ட்ரிக்ஸ்டார் கேம்ஸால் சமாளிக்க முடியவில்லை என்பது நிறுவனம் சொன்ன விளக்கம்.

எஞ்சின் சிக்கல் என்பது கேம் கடைக்கு வந்த பிறகு தெரியவருகிற ஒன்றல்ல. உருவாக்கும்போதே தெரிவது. தெரிந்தும் ஏன் விற்றார்கள்? விளையாட்டு வீடியோ கேம்களை வாங்கும் லட்சக்கணக்கானவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இதுதான். ‘டெவலப்பர்களுக்குச் சோம்பல்’ என்பது ரசிகர்கள் கோபத்தில் சொல்லும் பதில். ‘மென்பொருள் என்றால் பக் இருக்கத்தான் செய்யும்’ என்பது நிறுவனங்கள் சமாதானமாகச் சொல்லும் பதில். இரண்டுமே விஷயத்தைத் தொடவில்லை. கடந்த இருபது ஆண்டுகளில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், அரைகுறை கேம் தற்செயலாக வருவதில்லை என்பது புலப்படும். தேதி, உரிமம், பணம் ஆகிய மூன்றும் சேர்ந்து அதை வரவழைக்கின்றன. நெறி பற்றிய கேள்வியை நிரலாளரிடம் அல்ல, தேதியைக் குறித்து விலையை வைக்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

நடந்தவை சில

2015 செப்டம்பரில் ஆக்டிவிஷன் ‘டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 5’ கேமை வெளியிட்டது. கடையில் வாங்கிய வட்டில் இருந்தது சுமார் 4.6 ஜிபி. முதல் நாளே தரவிறக்க வேண்டியிருந்த பேட்ச் (திருத்தக் கோப்பு) சுமார் 7.7 ஜிபி. அதாவது வட்டில் இருந்ததைவிட இல்லாததே அதிகம். இணைய இணைப்பு இல்லாமல் வட்டைப் போட்டவருக்குக் கிடைத்தது பயிற்சிப் பகுதியும், பூங்காவை வடிவமைக்கும் பகுதியும்தான். ஸ்கேட்டர் டோனி ஹாக்குடன் ஆக்டிவிஷன் செய்திருந்த ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடியவிருந்தது. அதற்குள் ஒரு கேமையாவது கடைக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் அப்போதே பரவலாகப் பேசப்பட்டது.

2019 அக்டோபரில் ‘டபிள்யூடபிள்யூஈ 2கே20’ என்ற மல்யுத்த கேம் வந்தது. நெடுங்காலமாக அந்தத் தொடரை உருவாக்கிவந்த ஜப்பானின் யூக்ஸ் நிறுவனம் விலக, முழுப் பொறுப்பும் விஷுவல் கான்செப்ட்ஸிடம் வந்த முதல் ஆண்டு அது. மல்லர்களின் உடல் தரைக்குள் புதைந்தது. தலைமுடி தனியே பறந்தது. ஆட்டம் பாதியில் நின்றது. ‘2கே20-ஐச் சரிசெய்யுங்கள்’ என்ற ஹேஷ்டேக் உலகம் முழுவதும் பரவியது. உச்சம் இனிமேல்தான். 2020 ஜனவரி 1 பிறந்ததும் கேம் இயங்கவே மறுத்தது. கன்சோலின் நாட்காட்டியை 2019-க்குத் திருப்பி வைத்தால் இயங்கியது. பெயரிலேயே 20 என்று போட்டு விற்ற கேமுக்கு 2020 என்ற ஆண்டே ஒத்துக்கொள்ளவில்லை. புத்தாண்டு விடுமுறையில் விளையாட உட்கார்ந்த சிறுவர்கள், கேமைப் பிழைக்க வைக்கும் வழியை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். திருத்தம் பிறகுதான் வந்தது.

2021 செப்டம்பர் 30 அன்று கொனாமியின் ‘ஈஃபுட்பால் 2022’ வெளியானது. ‘பெஸ்’ என்று நம் இளைஞர்கள் செல்லமாகச் சொல்லும் ‘ப்ரோ எவல்யூஷன் சாக்கர்’ தொடரின் பெயரை மாற்றி, எஞ்சினையும் மாற்றி, இலவசமாகக் கொடுத்தார்கள். மெஸ்ஸி, ரொனால்டோ முகங்கள் மெழுகு உருகியதுபோல் கோணியிருந்தன. பார்வையாளர் வரிசையில் பழைய காலத்துப் பொம்மைகள் உட்கார்ந்திருந்தன. ஆட்டம் ஊர்ந்தது. ஸ்டீம் தளத்தில் அதுவரை எந்த கேமும் வாங்காத மோசமான மதிப்பீட்டை அது வாங்கியது. மறுநாளே கொனாமி மன்னிப்புக் கேட்டது. இலவச கேம்தானே என்று விட்டுவிட முடியாது; சிறப்பு ஆட்டக்காரர் தொகுப்புக்கு முன்கூட்டியே பணம் வாங்கியிருந்தார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. முழுமையான 1.0 பதிப்பு 2022 ஏப்ரலில்தான் வந்தது. கால்பந்து சீசன் அதற்குள் முடியும் தறுவாயில் இருந்தது.

2022 டிசம்பர் இறுதியில் ‘மேடன் என்எஃப்எல் 23’ என்ற அமெரிக்கக் கால்பந்து கேமை ஆடியவர்களுக்கு வேறு விதமான அடி விழுந்தது. இஏ ஸ்போர்ட்ஸின் சர்வரில் ஏற்பட்ட கோளாறால், நண்பர்கள் கூடி மாதக்கணக்காக நடத்திவந்த இணைய லீக்குகளின் தரவு சிதைந்தது. ஏறத்தாழ 40 சதவீத லீக்குகளைத்தான் மீட்க முடியும் என்று நிறுவனம் அறிவித்தது. வாங்கியவரின் கணினியிலோ கன்சோலிலோ எந்தப் பழுதும் இல்லை. அவருடைய உழைப்பு மட்டும் இன்னொருவரின் பொறுப்பில் இருந்து காணாமல் போனது.

தேதி கேமுக்காகக் காத்திருப்பதில்லை

சாகச கேம் ஒன்றை ஆறு மாதம் தள்ளி வைக்கலாம், கதை கெட்டுப்போகாது. விளையாட்டு கேமுக்கு அந்த வசதி இல்லை. ஐரோப்பியக் கால்பந்து சீசன் ஆகஸ்டில் தொடங்குகிறது, அமெரிக்கக் கால்பந்து செப்டம்பரில், என்பிஏ கூடைப்பந்து அக்டோபரில். அணி மாறியவர்கள், புதிய ஜெர்சிகள், புதிய நட்சத்திரங்கள் எல்லாம் அந்தச் சில வாரங்களுக்குத்தான் சூடு. சீசன் பாதியில் வரும் கேமை யாரும் சீந்த மாட்டார்கள். தீபாவளிக்கென்று விளம்பரம் செய்த படம் கார்த்திகையில் வந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும்.

எனவே ஒவ்வொரு தயாரிப்புக் குழுவுக்கும் கிடைப்பது பன்னிரண்டு மாதங்கள். அதிலும் முழுதாக இல்லை. முந்தைய கேமுக்கு பேட்ச் போடும் வேலை சில மாதங்களைத் தின்றுவிடும். வட்டு அச்சிட்டு உலகமெங்கும் கடைகளுக்கு அனுப்ப, வெளியீட்டுக்குப் பல வாரங்கள் முன்பே ஒரு பிரதியை ‘முடிந்தது’ என்று ஒப்படைக்க வேண்டும். அந்த நாளில் எது முடிந்திருக்கிறதோ அதுதான் வட்டில் ஏறும். மிச்ச வேலை முதல் நாள் பேட்சில் வரும் என்ற நம்பிக்கையில்தான் ஒப்படைக்கிறார்கள். இணையம் இல்லாத காலத்தில் வட்டில் இருக்கும் பக் அங்கேயே நிலைத்துவிடும் என்ற பயம் தயாரிப்பாளருக்கு இருந்தது. பேட்ச் அந்தப் பயத்தைப் போக்கியது. அதோடு கட்டுப்பாட்டையும் தளர்த்தியது.

சோனி, மைக்ரோசாஃப்ட் போன்ற கன்சோல் நிறுவனங்கள் ஒவ்வொரு கேமையும் சோதித்த பிறகே அனுமதிக்கின்றன என்பதால், அவர்கள் ஏன் தடுப்பதில்லை என்று பலர் கேட்கிறார்கள். அந்தச் சோதனையின் நோக்கம் வேறு. கேம் அடிக்கடி முடங்குகிறதா, கணக்கும் சேமிப்பும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா, தங்கள் தள விதிகளுக்கு உட்பட்டிருக்கிறதா என்றுதான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். எல்பிடபிள்யூ முடிவு நியாயமாக இருக்கிறதா, கோல்கீப்பர் பந்தைப் பார்க்கிறாரா என்பது அவர்கள் கேள்வி அல்ல. ஆக, விளையாட்டு விளையாட்டாக இருக்கிறதா என்று வெளியிலிருந்து சரிபார்க்கும் முதல் ஆள் காசு கொடுத்து வாங்கியவர்தான். கூடுதல் விலை கொடுத்துச் சிறப்புப் பதிப்பு வாங்குபவருக்கு ஒரு வாரம் முன்னதாகவே கேம் கிடைக்கும் என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இஏ தன் ‘எஃப்சி 24’ கால்பந்து கேமை அப்படித்தான் விற்றது. மிகவும் பிரியமாக இருப்பவர்தான் அதிகம் செலவழித்து, முதல் அலைக் கோளாறுகளைத் தாங்குகிறார்.

வேறு கடை இல்லாத தெரு

தேதி நெருக்கடி எல்லாருக்கும் உண்டு. போட்டி இருந்தால் அரைகுறையாக வருபவர் அடுத்த ஆண்டு வாடிக்கையாளரை இழப்பார், அந்தப் பயமே தரத்தைக் காக்கும். உரிம ஒப்பந்தங்கள் அந்தப் பயத்தை எடுத்துவிட்டன.

2004-இல் அமெரிக்கக் கால்பந்துக்கு இரண்டு பெரிய தொடர்கள் இருந்தன. சேகாவின் ‘இஎஸ்பிஎன் என்எஃப்எல் 2கே5’ வெறும் 19.99 டாலருக்கு வந்தது. தரத்திலும் அது மேடனுக்குச் சளைத்ததில்லை. இன்றுவரை ரசிகர்கள் அதைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார்கள். போட்டியைத் தாங்க இஏ மேடனின் விலையைக் குறைத்தது. வாங்குபவருக்குப் பொற்காலம். அது ஒரே சீசனில் முடிந்தது. அந்த டிசம்பரில் என்எஃப்எல் அணிகளின் பெயரையும் ஆட்டக்காரர்களையும் அத்தகைய கேம்களில் பயன்படுத்தும் தனியுரிமையை இஏ வாங்கிக்கொண்டது. விலை பழையபடி ஏறியது. தனியுரிமையால் விலை உயர்ந்தது என்று நுகர்வோர் தொடுத்த கூட்டு வழக்கை 2012-இல் 2.7 கோடி டாலருக்கு இஏ சமரசம் செய்துகொண்டது. தனியுரிமை மட்டும் நீடித்தது. 2020-இல், ஓர் அணியைப் பல சீசன்கள் நடத்தும் ‘ஃபிரான்சைஸ்’ பகுதி ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று மேடன் ரசிகர்கள் திரண்டு ஹேஷ்டேக் இயக்கம் நடத்தினார்கள். நிறுவனம் மேம்பாடுகளை அறிவித்தது. ஆனால் அந்த ரசிகர்கள் கோபித்துக்கொண்டு போவதற்கு வேறு என்எஃப்எல் கேம் இல்லை.

கிரிக்கெட்டின் நிலைமை வேறு. விளைவு ஏறக்குறைய ஒன்றே. இங்கே தனியுரிமையைவிட, முதலீடு செய்ய ஆளில்லாததே குறை. இஏ நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ‘கிரிக்கெட் 07’ கேமோடு கிரிக்கெட்டை விட்டு விலகியது. இந்தியாவிலும் இலங்கையிலும் பாகிஸ்தானிலும் ரசிகர்கள் அதை விடவில்லை. புதிய ஐபிஎல் ஜெர்சிகள், புதிய மைதானங்கள், புதிய ஆட்டக்காரர் பட்டியல் என்று அவர்களே பேட்ச் செய்து, இன்றைய அணிகளை அந்தப் பழைய கேமுக்குள் ஆட வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரசிகனின் பொறுமைக்கும் திறமைக்கும் இதைவிடச் சான்று வேண்டாம். காசு வாங்கும் நிறுவனத்தால் ஓராண்டில் முடியாததை, காசு வாங்காத ரசிகர்கள் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள். பிறகு மெல்போர்னின் பிக் ஆன்ட் ஸ்டுடியோஸ் 2014-இல் ‘டான் பிராட்மேன் கிரிக்கெட் 14’ கேமைக் கொண்டுவந்து நம்பிக்கை கொடுத்தது. சிறிய நிறுவனம் என்பதால் அதன் குறைகளை ரசிகர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்வதும் நியாயமே. ஆனால் விலை மட்டும் பெரிய நிறுவனத்தின் விலையாக இருக்கும்போது அந்தப் பொறுமைக்கும் எல்லை வந்துவிடுகிறது.

பணம் எங்கிருந்து வருகிறதோ, உழைப்பும் அங்கே

கேமின் சில பகுதிகள் ஏன் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன, சில பகுதிகள் மட்டும் ஏன் பளபளக்கின்றன? கணக்குப் புத்தகம் பதில் சொல்கிறது. 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் இஏ நிறுவனத்துக்கு ‘அல்டிமேட் டீம்’ என்ற பகுதியிலிருந்து மட்டும் கிடைத்த வருவாய் சுமார் 162 கோடி டாலர். மொத்த வருவாயில் 29 சதவீதம். உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாத சீட்டுக்கட்டை வாங்கிப் பிரித்து, அதில் வரும் ஆட்டக்காரர்களை வைத்து அணி கட்டும் பகுதி அது. அடுத்த ஆண்டு புதிய கேம் வந்ததும் அந்த அணி பழைய கேமிலேயே தங்கிவிடும். மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும்.

இது சூதாட்டமே என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் அறிவித்தது. 2019 ஜனவரி முடிவில் சீட்டுக்கட்டு வாங்கப் பயன்படும் ஃபிஃபா பாயின்ட்ஸை அந்த நாட்டில் விற்பதை இஏ நிறுத்தியது. நெதர்லாந்தில் விதிக்கப்பட்ட ஒரு கோடி யூரோ அபராதத்தை 2022-இல் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. வாங்குபவர் அனுபவம் மாறவில்லை. தனியாக உட்கார்ந்து ஆடும் கரியர் பகுதியில் உள்ள பக் பல பதிப்புகளுக்குத் தொடர்கிறது. காசு வாங்கும் கடைப் பகுதி பழுதானால் உடனடியாகச் சரியாகிறது என்பதுதான் ரசிகர்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் புகார்.

‘என்பிஏ 2கே’ தொடரில் இன்னொரு முகம் தெரிகிறது. முழு விலை கொடுத்து வாங்கிய ‘2கே21’ கேமில், ஆட்டத்துக்கு முன் தாண்டிச் செல்ல முடியாத விளம்பரத்தை ஓடவிட்டார்கள். கண்டனம் எழுந்ததும் நிறுவனம் பின்வாங்கியது. பழைய பதிப்புகளின் சர்வர்களை வெளியான இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல் ஆனதும் நிறுத்திவிடுவது அந்தத் தொடரின் வழக்கம். இணையத்தை நம்பியிருக்கும் பகுதிகளும், அவற்றில் கொட்டிய பணமும் அத்தோடு போகும். தொடக்கத்தில் முழுமை இல்லை, முடிவில் நிலைப்பும் இல்லை. வாங்குபவர் உண்மையில் கொடுப்பது நடுவில் உள்ள சில மாதங்களுக்கான வாடகை.

பழி யார் மேல்?

பக் நிறைந்த கேம் வந்ததும் சமூக ஊடகத்தில் முதலில் வசை வாங்குவது நிரலாளரும் அனிமேட்டரும் சமூகத் தொடர்பாளரும்தான். இது அநியாயம். 2004-இல் எரின் ஹாஃப்மன் என்பவர், இஏவில் வேலை செய்த தன் துணைவர் வாரம் முழுக்க ஓய்வின்றி உழைக்க வைக்கப்படுவதைப் பெயர் சொல்லாமல் எழுதினார். அந்தக் கடிதம் துறையையே உலுக்கியது. கூடுதல் நேர ஊதியம் கேட்டு ஊழியர்கள் தொடுத்த வழக்குகளில் நிறுவனம் கலைஞர்களுக்கு 1.56 கோடி டாலரும் நிரலாளர்களுக்கு 1.49 கோடி டாலரும் கொடுத்து சமரசம் செய்தது. அந்தக் கடிதத்தின் பின்னணி ஒரு விளையாட்டு கேம் அல்ல. ஆனால் தேதி மாறாதபோது நசுங்குவது மனிதர்கள்தான் என்பதை அது ஊருக்குச் சொன்னது.

கேம் சோதனை செய்யும் டெஸ்டர்கள் கோளாறுகளைக் கண்டுபிடிக்காமல் இருப்பதில்லை. கண்டுபிடித்துப் பட்டியலிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் எவற்றைச் சரிசெய்வது, எவற்றோடு வெளியிடுவது என்று தேதியைப் பார்த்து முடிவெடுப்பவர் மேலே இருக்கிறார். ரசிகர் திரையில் காணும் கோளாறுகளில் பல, யாரோ ஒருவர் ஏற்கெனவே எழுதி வைத்தவை. மறைத்து விற்பது அங்கேதான் நடக்கிறது. குறையோடு விற்பதை மன்னிக்கலாம். குறை இருப்பதை அறிந்து, சொல்லாமல், முழு விலைக்கு விற்பதை மன்னிக்க முடியாது.

சட்டம் எதுவரை வந்திருக்கிறது

நுகர்வோர் பக்கம் சட்டம் மெதுவாக நகர்கிறது. பணம் திருப்பித் தர மறுத்ததற்காக ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2016-இல் நீதிமன்றம் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வழக்கு நடந்துகொண்டிருந்த 2015-இலேயே, வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும் என்ற விதியை ஸ்டீம் கொண்டுவந்தது. டிஜிட்டல் பொருளும் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் பொருள் விதிகள் 2022 முதல் நடைமுறையில் உள்ளன. கலிஃபோர்னியா 2024-இல் இயற்றிய சட்டம், உரிமம் மட்டும் விற்றுவிட்டு ‘வாங்குங்கள்’ என்று பொத்தான் வைக்கும் கடைகள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது.

ஆனாலும் இரண்டு மணி நேர விதி விளையாட்டு கேமுக்குப் போதாது. பத்து சீசன் ஆடும் கரியர் பகுதியில் மூன்றாவது சீசனில் தெரியும் பக்குக்கு அந்த விதி உதவாது. இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளுக்கும் சேவைக்கும் நிவாரணம் கேட்கும் உரிமையைத் தருகிறது. கன்சோல் கடையில் ஒரு புதிய விளையாட்டு கேமுக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்கும் நம் ஊர் இளைஞருக்கு அந்த உரிமை தன் கேமுக்கும் உண்டு என்ற எண்ணமே எழுவதில்லை. அந்த எண்ணம் எழ வேண்டும்.

நேர்மையாகவும் செய்ய முடியும்

வேறு வழியே இல்லையா என்றால், இந்தத் துறையே வழி காட்டியிருக்கிறது. 2020-இல் கொனாமி, அடுத்த ஆண்டு எஞ்சின் மாற்றத்துக்கு நேரம் வேண்டும் என்று சொல்லி, பெஸ் 2021-ஐப் புதிய கேம் என்று காட்டாமல் ‘சீசன் அப்டேட்’ என்ற பெயரிலேயே குறைந்த விலைக்கு விற்றது. யாரும் ஏமாறவில்லை. 2கே20 சரிந்த பிறகு ‘2கே21’ என்ற மல்யுத்த கேமே வராது என்று 2020 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அவகாசம் எடுத்து 2022 மார்ச்சில் வந்த ‘2கே22’ தொடரின் பெயரைக் காப்பாற்றியது. ‘ஃபுட்பால் மேனேஜர் 25’ கேமை இரண்டு முறை தள்ளிவைத்த ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ், தரம் வரவில்லை என்று ஒப்புக்கொண்டு 2025 பிப்ரவரியில் அதை முழுதாகக் கைவிட்டது. முன்பதிவுப் பணத்தைத் திருப்பியது. அங்கும் உரிமம் குறுக்கே நின்றது. பழைய பதிப்பிலாவது புதிய சீசனின் ஆட்டக்காரர் பட்டியலைச் சேர்த்துக் கொடுங்கள் என்று ரசிகர்கள் கேட்டபோது, ஒப்பந்தங்கள் இடம் கொடுக்கவில்லை.

இந்த மூன்று உதாரணங்களும் ஒன்றைத் தெளிவாக்குகின்றன. ஒரு சீசனைத் தவறவிட்ட நிறுவனம் அழிந்துவிடவில்லை. ஆண்டுக்கு ஒரு கேம் என்பது இயற்கை விதி அல்ல, விற்பனைத் திட்டம். ஆண்டுதோறும் அணிகளை மட்டும் அப்டேட்டாகக் குறைந்த விலைக்குக் கொடுத்து, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதிய கேமைக் கொண்டுவந்தால் தயாரிப்பவருக்கு மூச்சு கிடைக்கும், வாங்குபவருக்கு முழுமை கிடைக்கும். லீக்குகளும் சங்கங்களும் உரிமம் விற்கும்போது தொகையை மட்டும் பார்க்காமல், தங்கள் பெயரில் வரும் கேமின் தரத்துக்கும் நிபந்தனை போட வேண்டும். கேம் விற்பவர் இன்றைய தேதியில் எந்தப் பகுதி இருக்கிறது, எது பின்னால் வரும், சர்வர் எத்தனை ஆண்டு ஓடும் என்று விலைக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். இவை எதுவும் பெரிய தொழில்நுட்பச் சாதனை கேட்கும் காரியங்கள் அல்ல.

இவை தானாக நடக்காது. முன்பதிவு எண்ணிக்கைதான் நிறுவனங்களின் கூட்டங்களில் பேசப்படும் மொழி. கேமைப் பார்க்குமுன் பணம் கட்டும் ஒவ்வொருவரும், முடிந்ததோ இல்லையோ அனுப்புங்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஓட்டுப் போடுகிறார்கள். சீசன் தொடங்கும் தேதியை நாம் தள்ளிவைக்க முடியாது. உரிம ஒப்பந்தத்தில் நமக்குக் கையெழுத்தில்லை. பணம் கட்டும் தேதி மட்டும் முழுக்க நம் கையில் இருக்கிறது. அதை ஒரு மாதம் தள்ளிவைத்தால் போதும். வெளியீட்டுத் தேதியை விட்டுக்கொடுக்க மறுக்கிறவர்களும் அதைக் கணக்கில் எடுத்துத்தான் தீர வேண்டும்.